‘கும்பல்’ என்னும் சொல்லும் மட்டாஞ்சேரித் திரளும்

மக்கள் திரளைக் குறிக்கத் தமிழில் குழு, குழாம், திரள், ஈட்டம், கூட்டம் எனச் சொற்கள் பல உள. இவற்றுள் எதுவும் தன்னளவில் பழிப்பைச் சுட்டுவதன்று. ‘கும்பல்’ என்பதும் தொடக்கத்தில் அத்தகையதே. குவியல் என்பதும் இதன் பொருள். தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்கும் ‘கும்பு’ இன்றும் வெறும் கூட்டத்தையே குறிக்கிறது. ‘கும்பலோடு கோவிந்தா போடுதல்’ என்னும் வழக்கில் சற்றே எள்ளல் இருப்பினும் வன்முறைக் குறிப்பு இல்லை. பின்னரே கொள்ளை, கடத்தல் ஆகியவற்றோடு இச்சொல் இணைந்து, குற்றவாளிகளின் திரள் என்னும் பொருளில் நிலைபெற்றது. ‘குறும்பு’ இதற்கு நேர்மாறாக நடந்துள்ளது. திருக்குறளின் 735ஆம் பாடலில் வேந்தனை அலைக்கும் கொலைஞரைக் குறித்த அச்சொல் இன்று குழந்தையின் சேட்டையாகிவிட்டது.

ஆங்கிலத்தின் ‘மாப்’ என்னும் சொல்லுக்குக் கும்பலை நிகராகக் கொள்வது இன்றைய வழக்கம். நிலையற்ற பாமரர் எனப் பொருள்படும் இலத்தீன் தொடரைக் குறுக்கி, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேட்டுக்குடியினர் வழங்கிய ஏளனச் சொல் அது. ஜார்ஜ் ரூடே 1959இலும் ஈ. பி. தாம்சன் 1971இலும் அதனை ஐயுற்று, திரளின் உறுப்பினர் யார், அவர்கள் வேண்டியது யாது என வினவினர். இவ்வினாவைக் கொச்சித் துறைமுக வரலாற்றிலும் எழுப்புதல் வேண்டும்.

கொச்சியில் ‘சாப்பா’ என்பது வேலைக்கான உலோக வில்லை. வில்லை கிடைத்தவனுக்கே அன்றைய வேலை. காத்து நிற்போரோ மிகுதி; வில்லைகளோ குறைவு. மூப்பன்மார் அவற்றைக் கூட்டத்தின் நடுவே வீசியெறிவர். ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, அடிதடியில் அவற்றைக் கைப்பற்றுவர். தொலைவிலிருந்து காண்பார்க்கு இது கட்டுக்கடங்காத கும்பலாகவே தோன்றும். ஆயின் அவ்வொழுங்கின்மை தொழிலாளரின் இயல்பன்று. வேலை வழங்கிய முறையின் விளைவு. வரிசையும் பதிவேடும் இருந்திருப்பின் தள்ளுமுள்ளுக்கு இடமேது?

இம்முறையை எதிர்த்த வேலைநிறுத்தத்தின்போது, 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவலர் துப்பாக்கியால் சுட்டனர். சையத், சையதலவி ஆகியோர் மாண்டனர். அப்போது அப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சார்ந்தது. தெருவில் திரண்டவர்கள் சாப்பாவுக்காக முண்டியடித்த அதே மனிதர்கள். ஆனால் அன்று தம்முள் மோதிக்கொள்ளாமல் ஒரு கோரிக்கைக்காகச் சேர்ந்து நின்றனர். எனவே அன்றைய திரளைக் ‘கும்பல்’ எனத் தமிழில் எழுதுவது பிழையான மொழிபெயர்ப்பு என்பது என் கருத்து. சுடுவதற்குக் கூறப்படும் நியாயத்தை அச்சொல் முன்கூட்டியே வழங்கிவிடுகிறது.

மலையாளம் ‘ஆள்க்கூட்டம்’ என்னும் நடுநிலைச் சொல்லை இரு நிலைக்கும் ஆள்கிறது. 1970இல் வெளிவந்த ஆனந்தின் புதினத்துக்கும் அதுவே பெயர். பலர் சேர்ந்து அடித்துக் கொல்வதும் ‘ஆள்க்கூட்டக் கொலை’யே. தமிழிதழ்கள் பின்னதைக் ‘கும்பல் கொலை’ என்கின்றன. அவ்விடத்தில் அச்சொல் பொருந்தும். சட்டமோ சொல்லின் சாயலை நம்புவதில்லை. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 141ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 189ஆம் பிரிவும் ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர், அவர்களுக்குச் சட்டத்துக்குப் புறம்பான பொதுநோக்கம் என்னும் இரண்டையும் கேட்கின்றன. ஆரவாரமோ நெரிசலோ மட்டும் அங்குப் போதாது.