முதல் மின்சார அறை தெர்மோஸ்டாட்டே தூரத்து சென்சார்தாங்க!

ஹால் சுவத்துல இருக்கற டப்பாதான் தெர்மோஸ்டாட், அதுல இருந்து வயர் இழுத்து வேற ரூம்ல வைக்கிற சென்சார் பின்னாடி வந்த ஒட்டுவேலைன்னுதான் பலரும் நினைக்கிறோம். வரலாறு நேர்மாறா இருக்கு மக்களே.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துல ஒயிட்வாட்டர்னு ஒரு ஊர். குளிர்காலத்துல பூஜ்யத்துக்குக் கீழே இறங்கற இடம். அங்கே ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பேராசிரியரா இருந்தவர் வாரன் ஜான்சன். கட்டடத்தைச் சூடாக்கற ஏற்பாடு எல்லாம் நிலவறையில. பணியாளர் ஒவ்வொரு வகுப்பா ஏறி வந்து குளிருதா, வேகுதான்னு பார்த்துட்டு, மறுபடி கீழே போய் சூட்டைக் கூட்டணும், குறைக்கணும். பாடம் நடக்கும்போது இப்படி ஆள் வந்து போனா எந்த வாத்தியாருக்குப் பிடிக்கும்? :-)

ஜான்சன் வகுப்புல ஒரு வெப்ப உணரியை வச்சு, கம்பி இழுத்து, கீழே மணியைக் கட்டினார். மணி அடிச்சா பணியாளர் சூட்டைச் சரி பண்ணுவார். 1883-ல் காப்புரிமை வாங்கினார். 1885-ல் மில்வாக்கியில் கம்பெனியும் தொடங்கினார். பின்னாளில் ஜான்சன் கண்ட்ரோல்ஸ் ஆனது அதுதான்.

ஆக, உணரி ஓரிடம், முடிவு எடுக்கறது வேறிடம். நடுவுல கம்பி. அன்னைக்கே ஆளை விட்டுட்டுக் கம்பியை நம்ப ஆரம்பிச்சாச்சு.

இன்னைக்கு அந்த உணரி பெரும்பாலும் தெர்மிஸ்டர். சூடு ஏறினா மின்தடை குறையற பொருள். வெள்ளி சல்ஃபைடில் இந்தக் குணத்தை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கவனிச்சிருக்கார். வீடுகளில் அதிகம் வர்ற ரகம் 25 டிகிரி செல்சியஸில் 10,000 ஓம் காட்டும். ஒரு டிகிரி ஏறினா சுமார் 4 சதவீதம் குறையும்.

வில்லங்கமும் இங்கேதான். கம்பி அறுந்தா தடை எக்கச்சக்கம், அதாவது "பயங்கரக் குளிர்". ஹீட்டர் நிக்காம ஓடலாம். ரெண்டு கம்பியும் ஒட்டிக்கிட்டா தடை பூஜ்யம், அதாவது "கொதிக்குது". ஹீட்டர் அணைஞ்சு, பனி ஊர்ல தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிக்கற வரைக்கும் போகலாம். இந்த ரெண்டையும் பல புது தெர்மோஸ்டாட்கள் கண்டுபிடிச்சுப் பிழைன்னு காட்டிடும். கண்ல படாதது துருப்பிடிச்ச இணைப்பு. கூடுதலா 400 ஓம் சேர்ந்தாலே ஒரு டிகிரி குளிரா காட்டும். பார்க்க நியாயமான எண், ஆனா பொய்.

அதனால சென்சாரை மாத்தறதுக்கு முன்னாடி, பக்கத்துல ஒரு தெர்மாமீட்டர் வச்சு ஒப்பிடுங்க. வித்தியாசம் இருந்தா மின்சாரத்தை அணைச்சு, வயரைக் கழட்டி, மல்டிமீட்டரால் சென்சார்லயே ஒரு தடவை, வயரைத் திரும்ப அங்கே மாட்டி தெர்மோஸ்டாட் முனையில ஒரு தடவை அளங்க. முதல் அளவு சரி, ரெண்டாவது தப்புன்னா குத்தவாளி கம்பிதான்.

ஜான்சன் ஓய்வு கொடுத்த அந்தப் பணியாளர் வேலையை எப்பவாவது நாமளும் பார்க்கத்தான் வேணும். மாடி ஏறிப் போய், நிஜமாவே குளிருதான்னு பார்க்கிற வேலை.