மெதுவாக இளைக்க ஒரு வளையம்: கேஸ்ட்ரிக் பேண்டின் கதை

இந்த வாரம் நான் பேச நினைச்ச தலைப்பு வேற. ஆனா மெல்பர்ன்ல இருந்து ஒரு லிசனர் அனுப்பின மெயில் ரெண்டு வாரமா மண்டைக்குள்ளேயே ஓடிக்கிட்டிருக்கு. அவங்க அனுமதியோட, பேர் சொல்லாம, சுருக்கமா சொல்றேன்.

அவங்க அம்மாவுக்கு 2009ல கேஸ்ட்ரிக் பேண்ட் ஆபரேஷன் நடந்தது. அப்போ எடை 108 கிலோ, உயரம் 160 செ.மீ. முதல் வருஷம் 14 கிலோ குறைஞ்சது. மூணாவது வருஷ முடிவுல 19. அப்புறம் கொஞ்சம் ஏறி, இப்போ 92ல நிக்குது. அதாவது 16 கிலோ குறைவு. கிட்டத்தட்ட அதே எடையில இருந்த ஒரு தோழி கேஸ்ட்ரிக் பைபாஸ் பண்ணிக்கிட்டு ஒரே வருஷத்துல 35 கிலோ இளைச்சுட்டாங்க. அன்னியிலிருந்து அம்மா சொல்ற ஒரே பதில்: "ஆபரேஷன் எல்லாம் சரியாத்தான் நடந்துச்சு, நான்தான் ஒழுங்கா இல்ல." வெட்கப்பட்டுக்கிட்டு கிளினிக் போறதையே நிறுத்திட்டாங்களாம். மெயிலோட கடைசியில போற போக்குல ஒரு வரி: இப்பல்லாம் ராத்திரி படுத்தா இருமல் வருது, அது வேற விஷயம். மகளோட கேள்வி இதுதான்: அம்மா சொல்றது உண்மையா?

நான் கோட் எழுதிப் பிழைக்கிறவன், டாக்டர் இல்ல. ஆனா ஒரு கருவி ஏன் இப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும்னா, அதை எந்தப் பிரச்சினைக்காக வடிவமைச்சாங்கன்னு பார்க்கணும். அதை மட்டும் என்னால தேடிப் படிக்க முடியும்.

கதை அமெரிக்காவில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரம்பிக்குது. 1954ல் கிரெமனும் அவருடைய சகாக்களும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சாப்பாட்டில் இருக்கிற சத்தை உறிஞ்சுவது சிறுகுடல். அதில் பெரும்பகுதியைத் தாண்டிப் போக வைத்தால் என்ன ஆகும்? இதுதான் அடிப்படை யோசனை. 1960களின் கடைசியில் பெயின், டிவின்ட் என்ற இருவர் செய்த முறையில், பல மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் சுமார் 45 செ.மீ. மட்டும்தான் உணவு போகும் பாதையில் இருக்கும். ஆமா, செ.மீ. தான். மத்ததெல்லாம் உள்ளேயே இருக்கும், ஆனா உணவு அந்தப் பக்கம் போகாது.

எடை வேகமா இறங்கிச்சு. யாருக்கும் அதுல சந்தேகமே இல்ல. அந்த வேகத்தோட சேர்ந்தே நிக்காத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், மூட்டு வலி, கல்லீரல் செயலிழப்பு எல்லாம் வந்துச்சு. சிலர் இறந்தே போனார்கள். 1980 வாக்கில் அந்த ஆபரேஷனைக் கைவிட்டுட்டாங்க. ஏற்கெனவே செய்துகொண்ட பலருக்குத் திரும்ப வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டியதாச்சு. எங்க பாஷையில சொன்னா ரோல்பேக். ஆனா ஒரு சர்வரை ரோல்பேக் பண்றதும் ஒரு மனுஷனோட குடலை ரோல்பேக் பண்றதும் ஒண்ணா?

இதுக்கு நடுவில், 1966ல், அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் வேற வழியில போனார். அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தவர்கள் அதுக்கப்புறம் எடை ஏறாம ஒல்லியாவே இருக்கிறதை அவர் கவனிச்சிருந்தார். குடலை விட்டுட்டு இரைப்பையைச் சின்னதாக்கினா என்ன? அதுதான் கேஸ்ட்ரிக் பைபாஸ். நம்ம லிசனர் அம்மாவோட தோழிக்கு நடந்த ஆபரேஷனோட தாத்தா.

பைபாஸ்லயும் வெட்டணும், தைக்கணும், பாதையை மாத்தணும். குடல் பைபாஸ் பட்ட பாட்டைப் பார்த்த ஒரு தலைமுறை சர்ஜன்களுக்கு அதுவே ஒரு பயம். எதையும் வெட்டாம, வெளியிலிருந்து ஒரு வளையம் மட்டும் மாட்டினா போதாதா? 1978லேயே அமெரிக்காவில் வில்கின்சனும் பெலோசோவும் வலை மாதிரி ஒரு துணியை இரைப்பையைச் சுத்திக் கட்டிப் பார்த்தார்கள். இதில் ஒரு சிக்கல்: கட்டினது கட்டினதுதான். இறுக்கமா போச்சுன்னா தளர்த்த முடியாது.

இதுக்கு விடை 1980களின் நடுவில் ரெண்டு நாட்டில் வந்தது. ஸ்வீடனில் ஹால்பெர்கும் ஃபோர்செல்லும், அமெரிக்காவில் உக்ரைன் வம்சாவளியைச் சேர்ந்த லூபோமிர் குஸ்மாக்கும். உள்பக்கம் பலூன் வைத்த சிலிகான் வளையம். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றுத் தோலுக்கு அடியில் இருக்கிற ஒரு சின்ன போர்ட்டுக்கு வரும். டாக்டர் அந்த போர்ட்டில் ஊசியால் சலைன் ஏத்தினா வளையம் இறுகும், எடுத்தா தளரும். இஞ்சினியரா எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. முதல் தடவையா ஒரு பேரியாட்ரிக் ஆபரேஷனுக்கு ஒரு செட்டிங் கிடைச்சது, அதை ஆபரேஷன் முடிஞ்ச பிறகும் மாத்தலாம். வேணாம்னா கழட்டிடலாம்.

1993 செப்டம்பர் 1 அன்று பெல்ஜியத்தின் ஹூய் நகரத்தில், எத்தியோப்பியாவில் பிறந்த மிட்டிக்கு பெலாச்சு என்ற சர்ஜன் இந்த வளையத்தை லேப்ராஸ்கோப்பி மூலம் மாட்டினார். சில சின்னத் துளைகள், அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இது பரவின வேகம் அசாத்தியம். அமெரிக்காவில் எஃப்டிஏ அனுமதி 2001 ஜூனில் கிடைத்தது.

இப்போ அந்த அம்மாவோட கேள்விக்கு வருவோம். பேண்ட் ஏன் மெதுவா வேலை செய்யுது?

முதல் நாள் அது பெரும்பாலும் காலியாவே மாட்டப்படுது. இரைப்பை ஆறணும், வளையம் இடத்துல உக்காரணும். நாலு முதல் ஆறு வாரம் கழிச்சுத்தான் முதல் தடவை சலைன் ஏத்துவாங்க, அதுவும் கொஞ்சமா. அப்புறம் சில வாரங்களுக்கு ஒரு தடவை பார்த்துப் பார்த்து ஏத்தணும். மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு இதுக்குப் பச்சை மண்டலம்னு பேர் வச்சாங்க. மஞ்சள்ல இருந்தா பசி அடங்காது. பச்சையில சின்ன சாப்பாட்டுலயே வயிறு அடங்கிடும். சிவப்புக்குப் போனா சாப்பாடு அடைக்கும், நெஞ்சு எரியும், வாந்தி வரும். பச்சையைக் கண்டுபிடிக்கவே பல மாசம் ஆகலாம். அதுக்கப்புறமும் வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோங்கிறதுதான் இலக்கு. அதிகபட்ச இளைப்பு வர ரெண்டு மூணு வருஷம் ஆகும். பைபாஸ்ல பெரும்பகுதி முதல் ஒண்ணரை வருஷத்துலயே முடிஞ்சிடும். ரெண்டு பேரும் ஒரே ஸ்டார்ட்டிங் லைன்ல நிக்கிற மாதிரி தெரியும், ஆனா ஓடுறது வேற வேற ரேஸ்.

சரி, பொறுமை இல்லாம வேகமா இறுக்கிட்டா? இங்கதான் எனக்கு இந்தக் கதையோட மையமே இருக்கு. சிவப்பு மண்டலத்துல சோறு இறங்காது, ரொட்டி இறங்காது, இறைச்சி இறங்காது. ஐஸ்கிரீம் ஜம்முனு இறங்கும். மில்க் ஷேக் இறங்கும். அதனால வேகம் கேட்டு இறுக்கிக்கிட்டவங்க பலர் மெல்ல வேண்டிய சாப்பாட்டை விட்டுட்டு, வழுக்கிப் போற சாப்பாட்டுக்கு மாறினாங்க. எடை இறங்குறது நின்னுடும். கூடவே தொடர்ந்து வாந்தி எடுத்தா வளையம் நழுவலாம், அதுக்கு மேல இருக்கிற இரைப்பைப் பகுதி வீங்கலாம். அவசரம் அந்தக் கருவியையே கெடுத்துச்சு.

அந்த அவசரம் எங்கிருந்து வந்துச்சுன்னா, பாதி நம்ம கிட்ட இருந்தே. 1997ல் கேரி ஃபாஸ்டர் குழு பென்சில்வேனியாவில் 60 பெண்களிடம் கேட்டார்கள் (இது ஆபரேஷன் இல்ல, டயட் சிகிச்சைதான்): எவ்வளவு இளைச்சா திருப்தி, எவ்வளவு இளைச்சா ஏமாற்றம்? சராசரியா 17 கிலோ குறைஞ்சா அது ஏமாற்றம்னு பதில் வந்தது. 48 வாரம் கழிச்சு அவங்க சராசரியா இளைச்சது 16 கிலோ. கிட்டத்தட்ட பாதிப் பேர் தங்களோட 'ஏமாற்ற' அளவைக்கூடத் தொடல. மருத்துவக் கணக்குல அது நல்ல பலன்.

மீதிப் பாதி விளம்பரம். தெற்கு கலிஃபோர்னியாவில் ஹைவே ஓரமெல்லாம் பேண்ட் போர்டுகள். அபாயங்களைச் சரியாச் சொல்லாம விளம்பரம் பண்றீங்கன்னு 2011 டிசம்பரில் எஃப்டிஏ அங்கே சில சர்ஜரி மையங்களுக்கும் ஒரு மார்க்கெட்டிங் கம்பெனிக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிச்சு. இது போதாதுன்னு ஒரு அளவுகோல் குழப்பம் வேற. சர்ஜன்கள் சொல்ற 50 சதவீதம்ங்கிறது மொத்த எடையில இல்ல, 'கூடுதல்' எடையில. 160 செ.மீ. உயரத்துக்கு பிஎம்ஐ 25ன்னா 64 கிலோ. 108ல இருந்து அதைக் கழிச்சா 44. அதுல பாதி 22 கிலோ. கேட்கிறவங்க காதுல விழுறதோ 54! இந்த ஒரு சதவீதக் கணக்கு எத்தனை பேரை அழ வச்சிருக்கும்னு நான் யோசிச்சுப் பார்த்தேன்.

இப்போ நிஜ எண்கள். ஸ்வீடனில் 1987ல் ஆரம்பிச்ச எஸ்ஓஎஸ் ஆய்வில் 2010 பேர் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். முதல் ஓரிரு வருஷத்தில் பைபாஸ் குழு மொத்த எடையில் 32 சதவீதம் இழந்தது, பேண்ட் குழு 20. பத்து வருஷம் கழிச்சு பைபாஸ் 25, பேண்ட் 14. ரெண்டுலயும் கொஞ்சம் திரும்பி ஏறிச்சு, கவனிங்க. அந்த பேண்டுகளில் மாத்த முடியாத பழைய வகையும் உண்டு. மெல்பர்னில் ஓ'பிரையன் குழு 2013ல் வெளியிட்ட கணக்கு இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கு: 15 வருஷம் கழிச்சும் கூடுதல் எடையில் 47 சதவீதம் இழப்பு. நம்ம அம்மாவுக்கு அது சுமார் 21 கிலோ வரும்.

ஆக 16 கிலோங்கிறது மொத்த எடையில் கிட்டத்தட்ட 15 சதவீதம். ஸ்வீடன் சராசரிக்கு ஒரு புள்ளி மேல, மெல்பர்ன் சராசரிக்குச் சில கிலோ கீழ. இதுல 'ஒழுங்கா இல்லாத' ஆள் எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியல. அந்தக் கருவி பொதுவா என்ன செய்யுமோ அதைத்தான் அவங்க உடம்புலயும் செஞ்சிருக்கு. அந்த அளவு இளைப்புக்கு மதிப்பு இருக்கான்னு கேட்டா, 2008ல் அதே மெல்பர்ன் குழு, சமீபத்தில் சர்க்கரை நோய் வந்த 60 பேரை வைத்துச் செய்த சோதனை இருக்கு. ரெண்டு வருஷத்தில் பேண்ட் குழு இழந்தது மொத்த எடையில் சுமார் 20 சதவீதம். அதில் 73 சதவீதம் பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்து நோய் தணிந்தது. வழக்கமான சிகிச்சையில் 13 சதவீதம்.

பேண்டுக்கு நான் வக்கீல் இல்ல. மெதுவா இளைக்குதுங்கிறது அதோட குறையே இல்லன்னாலும், வேற குறைகள் நிறைய. பிரஸ்ஸல்ஸில் 1994 முதல் 1997 வரை பேண்ட் மாட்டின 151 பேரில் 82 பேரைப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் கழிச்சுத் தேடிப் பிடிச்சாங்க. அதில் சுமார் பாதிப் பேருக்குப் பேண்டைக் கழட்டியாச்சு, 60 சதவீதம் பேருக்கு மறு ஆபரேஷன். ஓ'பிரையன் கணக்கிலேயே சரிசெய்யும் ஆபரேஷன்கள் ஏராளம். 2011ல் அமெரிக்க பேரியாட்ரிக் ஆபரேஷன்களில் மூணில் ஒரு பங்குக்கு மேல் பேண்டாக இருந்தது, 2016ல் 3.4 சதவீதம். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற ஸ்லீவ் அந்த இடத்தைப் பிடிச்சிருச்சு. வெட்டாம செய்யணும்னு ஆரம்பிச்ச பாதை மறுபடி வெட்டுறதுலயே வந்து நின்னது.

கடைசியா ஒண்ணு, இது நேரா மெல்பர்ன் லிசனருக்கு. நியூயார்க்கில் 2004ல் வெளியான ஒரு ஆய்வில், முதல் வருஷத்தில் ஆறு தடவைக்கு மேல் கிளினிக் வந்த பேண்ட் நோயாளிகள் கூடுதல் எடையில் 50 சதவீதம் இழந்தார்கள், மத்தவங்க 42. பைபாஸ் நோயாளிகளிடம் அந்த வித்தியாசம் பெருசாத் தெரியல. மாட்டிட்டு மறந்துடுற பொருள் இல்ல இது, கார் மாதிரி சர்வீஸ் விடணும். அம்மா வெட்கப்பட்டு நிறுத்தினது அந்த சர்வீஸைத்தான்.

அப்புறம் அந்த ராத்திரி இருமல். அதை 'வேற விஷயம்'னு ஒதுக்காதீங்க. பேண்ட் ரொம்ப இறுகினாலோ நழுவினாலோ, படுக்கும்போது மேல ஏறி வர்ற திரவத்தால அப்படி இருமல் வரலாம். அதுவா இல்லையான்னு பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர். எடை மிஷின்ல ஏத்துவாங்களேன்னு அம்மா தயங்கினா, இந்தத் தடவை எடைக்காக வரல, இருமலுக்காக வந்திருக்கோம்னு போன்லயே சொல்லிட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கு ஒரு மெயில் போடுங்க.