கட்டம் விட்டுக் கட்டம்

முதலாம் உலகப் போரின்போது பிரான்சின் போர்முனையில் அம்புலன்ஸ் வண்டிச் சாரதியாகப் பணிபுரிந்த லூயிஸ் ஃபிறை றிச்சாட்சன் என்னும் ஆங்கிலேயர், ஓய்வு நேரங்களில் விசித்திரமான கணக்கொன்றைச் செய்துகொண்டிருந்தார். 1910 மே 20ஆம் நாள் ஐரோப்பாவில் நிலவிய வானிலையை எடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்தில் அமுக்கம் எவ்வாறு மாறும் என்பதைச் சமன்பாடுகளினூடாகக் காண்பதே அவரது நோக்கம். மத்திய ஐரோப்பாவைச் சதுரங்கப் பலகைபோல, ஏறத்தாழ 200 கிலோமீற்றர் பக்கமுள்ள கட்டங்களாக வகுத்தார். ஆனால், வானிலை நிலையங்கள் அவருடைய கட்டங்களைக் கேட்டா அமைக்கப்பட்டிருந்தன? எங்கெங்கோ அளந்த பெறுமானங்களிலிருந்தே கட்டத்துக்குரிய பெறுமானத்தைப் பெறவேண்டியிருந்தது.

அமுக்கம் 145 மில்லிபார் உயரும் என்றது கணக்கு. உண்மையிலோ அன்று அது ஏறக்குறைய அசையவேயில்லை. தோல்வியை மறைக்காமல் 1922இல் நூலாகவே வெளியிட்டார் அம்மனிதர். (போரை வெறுத்த அவர், வானிலைத் திணைக்களம் விமான அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டதும் 1920இல் பதவியைத் துறந்தவர் என்பதையும் நாம் மனங்கொள்ளவேண்டும்.) காற்றும் அமுக்கமும் ஒன்றுக்கொன்று இசையாத தொடக்கப் பெறுமானங்களே பிழைக்குக் காரணமென்றும், அவற்றைச் சீர்செய்தால் அதே முறை ஏற்கத்தக்க விடையைத் தருமென்றும் பிற்காலத்தில் பீற்றர் லிஞ்ச் காட்டினார்.

1950இல் சாணியும் அவரது தோழர்களும் எனியாக் இயந்திரத்தில் 736 கிலோமீற்றர் இடைவெளியுள்ள வலையில் வானிலையைக் கணித்தபோதும், வரைபடத்திலிருந்து வலைப்புள்ளிகளுக்கு எண்களை மாற்றியது மனிதக் கண்ணும் கையுமே. இவ்வேலைக்குக் கணிதநூலார் இட்ட பெயர் இடைச்செருகல். ஏட்டுச்சுவடி ஆராய்ச்சியில் நாம் ஐயத்தோடு உச்சரிக்கும் அதே சொல்! இங்கும் அவ்வையம் தகும்.

1969இல் மனாபேயும் பிறையனும் வளிமண்டலத்தையும் சமுத்திரத்தையும் ஒரே மாதிரியில் இணைத்தனர். இவ்வாறு இணைத்த மாதிரிகளில் இரண்டுக்கும் ஒரே கட்டவலை பொருந்துவது அரிது. ஒடுங்கிய நீரோட்டங்களைக் காணக் கடலுக்குச் சிறு கட்டங்கள் வேண்டும். நெடுங்கோடுகள் வடமுனையில் நெருங்கிக் கணக்கைக் குழப்புவதால், சில கடல் மாதிரிகளில் வலையின் முனையையே கிறீன்லாந்து நிலத்துக்குள் நகர்த்திவிட்டனர். காற்று கொடுக்கும் வெப்பத்தைக் கடல் குறையாமற் பெறவேண்டும். அண்டைப் புள்ளிகளின் சராசரியைக் கொண்டு பெறுமானத்தை மாற்றினாலோ மொத்தம் பிசகும். ஒருநாள் முன்னறிவிப்பில் புலப்படாத அக்கசிவு, நூறாண்டுக் கணக்கில் பொய்யான வெப்பமாகத் திரளும்.

பழைய வரம்புகளைக் குலைத்துப் புதிய வரம்பு கட்டும் கமக்காரன், எந்தப் பழைய வயலில் எவ்வளவு நிலம் எந்தப் புதிய வயலுக்குள் வந்தது என்றுதான் பார்ப்பான். கட்டங்கள் ஒன்றன்மேலொன்று படியும் பரப்பின் விகிதப்படியே பங்கிடும் இத்தகைய முறையைக் கோளப் பரப்புக்கு உரியதாக 1999இல் வகுத்தளித்தவர் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தின் பிலிப் ஜோன்ஸ். ஆம், அணுகுண்டு பிறந்த அதே லொஸ் அலமொஸ்தான்.

இம்முறையில் மொத்தம் காக்கப்படுகிறது. ஆனால் மேடுபள்ளம் காக்கப்படுவதில்லை. மலையின் ஒருபுறம் கொட்டும் மழையும் மறுபுறத்து வரட்சியும் ஒரு பெருங்கட்டத்துக்குள் வந்தால் இரண்டுக்கும் பொதுவான தூறலாகிவிடும். 1990இல் வெளிவந்த முதலாவது சர்வதேசக் காலநிலை அறிக்கையின் காலத்து மாதிரிகளில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 500 கிலோமீற்றர். 65,610 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள நமது இலங்கை அதில் கால்வாசியளவே நிரப்பும், எஞ்சியதெல்லாம் கடல். அத்தகைய ஒரே கட்டத்துள் வீழ்ந்துவிட்டால், நுவரெலியாவுக்கும் மன்னாருக்கும் ஒரே மழைதான்.