பழிவாங்க வேண்டாம் என்றவரின் பெயரால் ஒரு தூக்கு

பண்டாரநாயக்க என்றால் எங்களுக்கு உடனே ஞாபகம் வாறது 1956 தனிச்சிங்களச் சட்டமும், 1957இல் செல்வநாயகத்தோடு எழுதிப் பிறகு கிழித்த ஒப்பந்தமும்தான். இன்னொன்றையும் நாங்கள் தெரிந்திருக்க வேணும். 1958இல் மரணதண்டனையை இடைநிறுத்தியதும் அவருடைய அரசாங்கம்தான்.

1959 செப்டெம்பர் 25 காலை, கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் இருந்த அவருடைய வீட்டுக்கு ஒரு பிக்கு வந்தார். தல்துவே சோமாராம. சுதேச வைத்தியக் கல்லூரியில் படிப்பித்த கண் வைத்தியர். பிரதமர் அவரை வணங்கினார். அவர் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். பண்டாரநாயக்க அடுத்த நாள் இறந்தார். சுட்டவருக்குக் கருணை காட்டுங்கள், பழிவாங்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து நாட்டுக்குச் சொல்லியிருந்தார்.

நாடு அதைக் கேட்கவில்லை. அதே ஆண்டிலேயே இடைநிறுத்தச் சட்டம் நீக்கப்பட்டது. முன்பு நடந்த கொலைக்கும் செல்லும்படி, பின்னோக்கிப் பார்க்கிற சட்டமாக அது எழுதப்பட்டது.

ஒப்பந்தத்தால்தான் இந்தக் கொலை நடந்தது என்று எங்களில் சிலர் நினைக்கிறோம். ஆனால் ஒப்பந்தம் 1958 ஏப்ரலிலேயே கிழிக்கப்பட்டுவிட்டது. வழக்கில் அரச தரப்பு சொன்ன காரணம் வேறு. களனி விகாரையின் தலைமைப் பிக்கு மாபிட்டிகம புத்தரக்கித, 1956 தேர்தலில் பண்டாரநாயக்கவுக்காக உழைத்தவர். அவர் சார்ந்த வியாபார முயற்சிகளுக்கு அரசாங்கம் இடம் கொடுக்காததே அவருடைய கோபம் என்றார்கள்.

1961இல் சோமாராம, புத்தரக்கித, எச். பி. ஜயவர்தன மூவருக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் ஒரு விஷயம் வெளிப்பட்டது. அவசரமாக எழுதிய புதிய சட்டம் கொலையைச் சொன்னது. கொலைக்கான சதியைச் சொல்லவில்லை. அதனால் சதிகாரர் இருவரின் தண்டனையும் ஆயுள் சிறையானது. கயிறு சுட்டவருக்கு மட்டும்தான். காவியைக் களைந்து, கடைசி நாட்களில் ஞானஸ்நானமும் பெற்ற சோமாராம, 1962 யூலை 6 அன்று வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார். புத்தரக்கித 1967இல் சிறையிலேயே இறந்தார்.

சோமாராம குற்றவாளிதான், அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் குற்றம் நடந்த பிறகு, ஆத்திரத்தில், ஒரு ஆளைக் குறிவைத்து எழுதின சட்டம் நீதியாகுமா? இலங்கையில் கடைசித் தூக்கு 1976இல் நடந்தது. தண்டனை இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. "தூக்கில போடுங்கோ" என்று யாராவது கத்தும்போது, 1959இல் கேட்கப்படாமல் போன அந்த வேண்டுகோளை நாங்கள் ஒருக்கா நினைச்சுப் பார்ப்பம்.