சட்ட இளநிலைப் பட்டப்படிப்பு

இந்தியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ள விரும்புபவர் முதலில் முடித்திருக்க வேண்டியது சட்ட இளநிலைப் பட்டம். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பிளஸ் டூ முடித்தவர்கள் ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். வேறு ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர்கள் மூன்றாண்டுப் படிப்பில் சேரலாம். எந்தெந்தப் பாடங்கள் கட்டாயம் என்பதை 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் இந்திய பார் கவுன்சில் 2008இல் வகுத்த சட்டக் கல்வி விதிகள் சொல்கின்றன. அந்த வரம்புக்குள் பாடத்திட்டத்தை எழுதுவதும் தேர்வு நடத்துவதும் பல்கலைக்கழகத்தின் வேலை. தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளுக்கு அந்தப் பொறுப்பு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துடையது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தப் படிப்பு பரவலாகக் கைக்கு எட்டியது அண்மையில்தான். 1984இல் தொடங்கிய தனியார் கல்லூரி ஒன்று சேலத்தில் இருந்தது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் தலா ஓர் அரசு சட்டக் கல்லூரி வந்தது 2019இல். சேலம் மாவட்டப் பனமரத்துப்பட்டியில் அரளித் தோட்டமோ பாக்குத் தோப்போ வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை இன்று குறைந்த கட்டணத்தில், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வந்து சட்டம் படிக்க முடிகிறது. ஒரு காலத்தில் கல்லூரி வகுப்பே இல்லாமலும் இத்தொழிலுக்கு வர முடிந்தது. 1882 சேலம் கலவர வழக்கில் தண்டிக்கப்பட்டு, உயர் நீதிமன்றத்தில் விடுதலை பெற்று, பின்னாளில் காங்கிரஸ் தலைவரான சேலம் விஜயராகவாச்சாரியார் வகுப்புக்குப் போகாமலேயே தேர்வெழுதி வக்கீலானவர். அந்தக் கதவு மூடி வெகுகாலம் ஆகிறது.

ஐந்தாண்டு மாணவருக்குத் தொடக்கத்தில் சட்டம் குறைவு. ஆங்கிலம், அரசியல் அறிவியல், பொருளியல், சமூகவியல், வரலாறு ஆகியவை அதிகம். வேறு பட்டத்தோடு மூன்றாண்டுப் படிப்புக்கு வருபவர் இவற்றைத் தாண்டி நேராகச் சட்டத்துக்குள் நுழைகிறார். அதன்பின் இருவரும் படிப்பது ஒன்றே. கட்டாயச் சட்டப் பாடங்கள் 20, செயல்முறைப் பாடங்கள் 4, அவற்றோடு சில விருப்பப் பாடங்கள். ஒப்பந்தச் சட்டம், தீங்கியல், குடும்பச் சட்டம், குற்றவியல், அரசமைப்புச் சட்டம், சொத்துரிமை, சாட்சியம், உரிமையியல் நடைமுறை, நிர்வாகச் சட்டம், கம்பெனி, வரி, சுற்றுச்சூழல், தொழிலாளர் சட்டங்கள், பன்னாட்டுச் சட்டம், சட்டவியல் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் சில இரண்டு தாள்களாக வரும்.

பாடத்திட்டத்தில் இவை தனித்தனித் தாள்கள்; வழக்குகள் அப்படிப் பிரிந்து வருவதில்லை. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை வழக்கை எடுத்துக்கொள்ளலாம். 277 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிட்ட அந்தச் சாலைக்காக சேலம் மாவட்டத்திலும் அளவுக்கல் நட்டார்கள். அந்த மாவட்டத்து ஊர்களான பூலாவரியும் நிலவாரப்பட்டியும் அந்தத் தடத்தில் இருந்தன. நிலம் எடுக்க அரசு பயன்படுத்தியது 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவு. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் வழிமுறைகள் இதற்கு ஏன் அப்படியே பொருந்தவில்லை என்று கேட்டால், அந்தச் சட்டத்தின் 105ஆவது பிரிவைப் பார்க்க வேண்டும். அது நிலச் சட்டத் தாளின் கேள்வி. சொத்துரிமை 1978இல் 44ஆவது திருத்தத்தின் மூலம் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீங்கி 300ஏ பிரிவுக்குப் போனது அரசமைப்புச் சட்டத் தாளில் வரும். மத்திய அரசுக்கு இப்படி அறிவிக்கை வெளியிட அதிகாரம் உண்டா, சரியான முறையில் அதை வெளியிட்டதா என்பது நிர்வாகச் சட்டம். சுற்றுச்சூழல் அனுமதி எந்தக் கட்டத்தில் வாங்க வேண்டும் என்பது சுற்றுச்சூழல் சட்டம். இந்தக் கடைசிக் கேள்வியில்தான் இரண்டு நீதிமன்றங்களும் வேறுபட்டன. அனுமதி முன்னரே பெறப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லி 2019 ஏப்ரல் 8இல் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது. 3ஏ கட்டத்தில் அது தேவையில்லை, வேலை தொடங்குவதற்கு முன் வாங்கினால் போதும் என்று 2020 டிசம்பர் 8இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரே பிரிவை இரண்டு நீதிமன்றங்கள் எப்படி வேறுவேறாக வாசித்தன என்று தாமே எடுத்துச் சொல்லத் தெரிந்த மாணவர், பிரிவு எண்களை மனப்பாடம் செய்தவரைவிட நிச்சயமாக முன்னே நிற்கிறார்.

குற்றவியல் பாடங்கள் 2024 ஜூலை 1இல் தலைகீழாயின. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய சாக்ஷிய அதினியமும் வந்தன. தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் 358 ஆயின. சினிமா வசனத்தில்கூடப் புழங்கிய 420 இப்போது 318. கொலைக்குத் தண்டனை சொல்லும் 302 இப்போது 103. ஆனாலும் பழைய புத்தகத்தைப் பரணில் போட முடியாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். ஒரு செயல் நடந்த நாளில் இல்லாத குற்றத்துக்கோ தண்டனைக்கோ யாரையும் ஆளாக்கக் கூடாது என்று அரசமைப்பின் 20ஆவது பிரிவு சொல்கிறது. அன்று நிலுவையில் இருந்த விசாரணைகளும் பழைய நடைமுறைப்படியே போகின்றன. இப்போதைய மாணவர்கள் இரண்டையும் படித்தாக வேண்டிய தலைமுறை.

சாட்சியச் சட்டம் எல்லோரும் அஞ்சும் தாள். அதற்கு இந்த வட்டாரமே ஒரு பாடம் தந்திருக்கிறது. 2015 ஜூனில் ஓமலூர்ப் பொறியாளர் கோகுல்ராஜ் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் சடலமாகக் கிடந்தார். வழக்கின் முக்கிய சாட்சி பின்னர் பிறழ் சாட்சியானார். கோயில் கேமராப் பதிவில் இருப்பது தாம் இல்லை என்றார். அப்படியானால் அந்தப் பதிவு சாட்சியமாக நிற்குமா, அதற்குச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்கும் சான்றிதழ் சரியாக இருக்கிறதா என்ற கேள்விகள் எழுந்தன. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்க்கக் கோயிலுக்கே நேரில் போனார்கள். 2023 ஜூனில் வந்த தீர்ப்பில் கொலைக்கான தண்டனையை உறுதி செய்தார்கள். மின்னணு ஆவணம் பற்றிய 65பி இப்போது புதிய சட்டத்தின் 63ஆவது பிரிவில் இருக்கிறது.

குடும்பச் சட்டத்தில் தமிழ்நாட்டு மாணவர் கூடுதலாகப் படிக்க வேண்டியவை உண்டு. அண்ணா ஆட்சியில் 1967இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. புரோகிதரும் தீவலமும் இல்லாமல், மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ நடக்கும் சுயமரியாதைத் திருமணம் அதனால் செல்லும். கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்பால் பங்கு என்று தமிழ்நாடு சொன்னது 1989இல்; இந்தியா முழுமைக்கும் அது வந்தது 2005இல். ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் மணமான பெண்களை மாநிலத் திருத்தம் விட்டுவிட்டது. கிராமத்துப் பாகப்பிரிவினை வழக்குகளில் அக்காவுக்குக் கல்யாணம் எந்த வருஷம் என்ற கேள்வி கோர்ட்டுக் கூண்டில் அத்தனை முறை எழுந்ததற்குக் காரணம் இந்தத் தேதிதான்.

சொத்துச் சட்டத் தாளின் அடிப்படை 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றச் சட்டம். கிரையம், அடமானம், குத்தகை, தானம் எல்லாம் அதில் அடங்கும். பவர் பத்திரம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நிலத்துக்கு உரிமையாளர் ஆகிவிட முடியாது என்ற 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இங்கே முக்கியம். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை வீட்டு பீரோவில் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தத் தாள் சுலபமாக ஏறும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் எதிர்கால உரிமை, நிபந்தனை உரிமை என்று பிரிவுகள் தொடங்கியதும் அந்தச் சலுகை தீர்ந்துவிடுகிறது.

செயல்முறைப் பாடங்கள் நான்கில் ஒன்று வரைவு எழுதுதல். பிராது, எதிர்வுரை, ஜாமீன் மனு, உயில், கிரையப் பத்திரம், வக்கீல் நோட்டீஸ் ஆகியவற்றை மாணவர் தம் கையால் எழுத வேண்டும். இரண்டாவது தொழில் நெறி. மூன்றாவது சமரசம், மத்தியஸ்தம் போன்ற மாற்று வழிகள். தொழில் நெறிப் பாடத்தில் ஒழுங்கு நடவடிக்கைத் தீர்ப்புகளைப் படிக்க வேண்டும். 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ரங்கதுரை வழக்கு அந்த வகையில் தமிழ்நாட்டிலிருந்து போனது. கட்சிக்காரரை ஏமாற்றிய வழக்கறிஞருக்குத் தொழில் செய்யத் தடை விதித்ததோடு, இலவச சட்ட உதவிப் பணி செய்யவும் நீதிபதி கிருஷ்ணய்யர் ஆணையிட்டார். தண்டனையையே சேவையாக்கிய அந்த யோசனை இன்றும் வகுப்பில் விவாதத்துக்கு உரியது.

நான்காவது, மாதிரி நீதிமன்றமும் நேர்முகப் பயிற்சியும். 100 மதிப்பெண்ணில் மூன்று மாதிரி வாதங்களுக்கு 30, நேரில் பார்த்த வழக்கு விசாரணைகளுக்கு 30, கட்சிக்காரரை வக்கீல் விசாரிக்கும் முறையையும் வழக்குக்கான முன்தயாரிப்பையும் கவனித்து எழுதுவதற்கு 30, வாய்மொழித் தேர்வுக்கு 10. ஒரு சிவில் வழக்கையும் ஒரு கிரிமினல் வழக்கையும் பார்த்து, நாள்தோறும் நடந்ததை ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் வெள்ளைச் சட்டையோடு பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் முதலில் கற்பது வாய்தா என்பதைத்தான். சாட்சி வரவில்லை, போலீஸ் வரவில்லை, வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்று வழக்கு தள்ளிப்போவது எந்தப் பாடப்புத்தகத்திலும் சரியாக வராத பகுதி. இதுபோக மூன்றாண்டு மாணவர் 12 வாரமும் ஐந்தாண்டு மாணவர் 20 வாரமும் வழக்கறிஞர்கள், நீதிமன்றங்கள், தொண்டு நிறுவனங்கள் போன்ற இடங்களில் பயிற்சி பெற வேண்டும். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது.

மொழி தனிச் சிக்கல். உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. படிக்க வேண்டிய தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலம். மாவட்ட நீதிமன்றத்திலும் முன்சீப் கோர்ட்டிலும் சாட்சி பேசுவது தமிழ். தமிழ்வழியில் பள்ளி முடித்து வருபவர் முதல் ஆண்டுகளில் தடுமாறுவது இங்கேதான். குறுக்கு விசாரணைக்கு வரும்போது அதே தமிழ் அவருக்குக் கைகொடுக்கிறது.

பட்டம் பெற்றவர் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்கிறார். பதிவுக் கட்டணமாகச் சட்டம் குறிப்பிடும் 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல், மாநிலக் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொடர்ந்து தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். கல்லூரியிலிருந்து நேரே சிவில் நீதிபதித் தேர்வு எழுதும் வழி 2025 மே மாதத் தீர்ப்போடு அடைபட்டது. இப்போது அதற்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் தேவை.