பிறந்த குழந்தையின் ரத்தப் பரிசோதனையில் 'அளவு அதிகம்' என வந்தால்... அடுத்த ரிசல்ட் வரும்வரை பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

குழந்தை பிறந்த இரண்டு, மூன்று நாளில் குதிகாலில் லேசாகக் குத்தி, சில சொட்டு ரத்தத்தைத் தனி வகைத் தாளில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் அதை மறந்துபோன நேரத்தில் போன் வரும்: "ஒரு அளவு கொஞ்சம் அதிகமா இருக்கு, குழந்தையை மறுபடி கூட்டிட்டு வாங்க." அடுத்த ரிசல்ட் வரும்வரை தூக்கம் இருக்காது. இந்த நாட்களில் எதற்குப் பயப்பட வேண்டாம், எதைத் தள்ளிப்போடக் கூடாது? பார்க்கலாம்.

இது என்ன பரிசோதனை?

தாளில் ரத்தம் எடுத்துச் சோதிக்கும் இந்த முறையை 1960-களில் பரவலாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் கத்ரி. பிறவித் தைராய்டு குறைபாடு, அட்ரினல் சுரப்பிக் கோளாறு, ஜி-6-பி-டி குறைபாடு போன்றவற்றை அறிகுறி தெரியும் முன்பே கண்டுபிடிப்பதுதான் நோக்கம். நம் நாட்டில் எல்லா மருத்துவமனைகளிலும் இது வழக்கமாக எடுக்கப்படுவதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சென்னை உள்பட 5 நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைச் சோதித்தது. 1,130 பேரில் ஒருவருக்குப் பிறவித் தைராய்டு குறைபாடு இருந்தது. சென்னையில் 727 பேரில் ஒருவர்.

'அளவு அதிகம்' என்றால் நோய் உறுதியா?

இல்லை. இது சல்லடை போன்ற முதல் கட்டச் சோதனை. நோயுள்ள ஒரு குழந்தைகூடத் தப்பிவிடக் கூடாது என்பதால், சந்தேகம் இருந்தாலே மறுபடி அழைப்பார்கள்.

தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன், பிறந்த உடனே எல்லாக் குழந்தைக்கும் வேகமாக ஏறி, அடுத்த இரண்டு, மூன்று நாளில் இறங்கும். சீக்கிரமே ரத்தம் எடுத்திருந்தால் அளவு அதிகமாகக் காட்டலாம். குறைமாதப் பிறப்பு, பிரசவத்தின்போது அயோடின் கலந்த மருந்து பயன்படுத்தியது போன்றவையும் காரணமாகலாம்.

எத்தனை நாள் காத்திருக்கலாம்?

இங்கேதான் கவனம் தேவை. பயப்பட வேண்டாம் என்பதற்கு 'மெதுவாகப் போகலாம்' என்று அர்த்தம் இல்லை. தைராய்டு குறைபாடு உறுதியானால், குழந்தை பிறந்து 2 வாரத்துக்குள் மாத்திரை தொடங்குவதே இலக்கு. தாமதம் ஆக ஆக மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அதை முழுமையாக மீட்க முடியாது. அளவு மிக அதிகமாக இருந்தால், நரம்பில் ரத்தம் எடுத்ததும் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம்.

ஆத்தூர் போன்ற ஊர்களில் எங்கே தாமதமாகிறது?

பிரசவம் தூத்துக்குடியிலோ திருச்செந்தூரிலோ நடந்திருக்கும். தாயும் பிள்ளையும் ஆத்தூரில் தாய்வீட்டில் இருப்பார்கள். மருத்துவமனையில் கொடுத்ததோ கணவரின் நம்பர். அவர் துறைமுக வேலையிலோ, புன்னக்காயல் பக்கம் கடலிலோ இருந்தால் போன் எடுக்க ஆள் இருக்காது. அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போதே இரண்டு நம்பர் கொடுங்கள். ஒன்று குழந்தை இருக்கும் வீட்டு நம்பராக இருக்கட்டும். ரிசல்ட் எந்தத் தேதியில் வரும், யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

"பதினாறு நாள் கழியட்டும், பச்சப்புள்ளைய வெளியே எடுக்கக் கூடாது" என்று பெரியவர்கள் சொல்வது அக்கறையில்தான். ஆனால் அந்தப் பதினாறாம் நாளுக்குள் சிகிச்சைக்கான நாள் கடந்துவிடும் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

* தாய்ப்பாலை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொன்னால் மட்டும் நிறுத்தலாம்.
* ஜி-6-பி-டி சந்தேகம் என்றால் பாச்சை உருண்டை போட்ட துணியைக் குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டாம். கேட்காமல் எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம்.
* தொடர் வாந்தி, பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, மஞ்சள் காமாலை அதிகரிப்பது... இதில் எது தெரிந்தாலும் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அட்ரினல் கோளாறில் முதல் சில வாரங்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம்.

நோய் உறுதியானால்?

தைராய்டு குறைபாட்டுக்குத் தினமும் லீவோதைராக்சின் மாத்திரை கொடுக்க வேண்டும். பொடித்து, சில சொட்டுத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து ஸ்பூனில் தரலாம். பால் பாட்டிலில் கலக்கக் கூடாது. மீதம் வைத்தால் மருந்தும் மீதமாகிவிடும். சரியான நேரத்தில் தொடங்கி, விடாமல் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்ந்து படிப்பார்கள். சிலருக்கு இது தற்காலிகக் குறைபாடுதான். 3 வயதுக்குப் பிறகு மருத்துவர் மறுபடி சோதித்து, மாத்திரை தொடர வேண்டுமா என முடிவு செய்வார்.

மறு ரிசல்ட் நார்மல் என்றால், வாய்வார்த்தையாகக் கேட்டதோடு விடாமல் அந்தத் தாளைக் கையில் வாங்கி, தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள். சொன்ன தேதியில் போன் வரவில்லையா? 'எல்லாம் சரியாத்தான் இருக்கும்' என்று இருந்துவிடாதீர்கள். நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.