அறுபதை நெருங்கும் வயதில் பிறந்த வர்த்தகப் பெயர்: மெரில் பெர்னாண்டோவின் தொழில் பயணம்

வெற்றி பெற்ற தொழிலதிபர்கள் என்றதும் இருபது வயதில் நிறுவனம் தொடங்கியவர்களே பலருக்கும் நினைவுக்கு வருகின்றனர். 'டில்மா' தேயிலையின் நிறுவுனர் மெரில் ஜே. பெர்னாண்டோவின் பாதை அப்படிப்பட்டதல்ல.

1930ஆம் ஆண்டு நீர்கொழும்புப் பகுதியில் பிறந்த அவர், 1950களில் தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிக்கும் பயிற்சியைப் பெற்றார். வெள்ளையர்களின் கையிலிருந்த அத்துறையில் அனுமதிக்கப்பட்ட முதல் இலங்கையர்களில் அவரும் ஒருவர். பயிற்சிக்காக, அன்றைய உலகத் தேயிலை வர்த்தகத்தின் மையமான லண்டன் மின்சிங் லேனுக்குச் சென்றார்.

அங்கே அவர் கண்டதுதான் பிற்கால முயற்சிக்கு வித்திட்டது. இலங்கையிலிருந்து பெட்டி பெட்டியாகச் சென்ற தேயிலை, வேறு நாட்டுத் தேயிலைகளுடன் கலக்கப்பட்டு, வெளிநாட்டு நிறுவனங்களின் பெயரில் விற்பனையானது. கொழுந்து நம்முடையது, கலத்தல், பொதியிடல், விளம்பரம் ஆகியவற்றால் கிடைத்த இலாபம் அவர்களுடையது.

ஆனால் உடனடியாக அவரால் எதையும் மாற்ற முடியவில்லை. நாடு திரும்பி, 1962இல் தனது பெயரிலேயே ஏற்றுமதி நிறுவனமொன்றை ஆரம்பித்து, பல ஆண்டுகள் மொத்தத் தேயிலையையே அனுப்பி வந்தார். சொந்தப் பெயரில் பொதியிட்டு விற்பதென்றால், தன்னிடம் தேயிலை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களுடனேயே போட்டியிட வேண்டும். வாடிக்கையாளரைப் போட்டியாளராக்கும் அந்தத் துணிவுக்கு மூலதனமும் அனுபவமும் தேவைப்பட்டன.

1980களில் அவுஸ்திரேலியச் சந்தையில் அந்த முயற்சி தொடங்கியது. மகன்மார் டில்ஹான், மாலிக் ஆகியோரின் பெயர்களை இணைத்து 'டில்மா' எனப் பெயரிட்டார். 1988இல் அந்தப் பெயர் முறையாக அறிமுகமானபோது அவருக்கு வயது 58. விளைந்த நாட்டிலேயே பொதியிடப்பட்ட, வேறு நாட்டுத் தேயிலை கலக்காத தேயிலை என்பதே அதன் அடையாளம். தொலைக்காட்சி விளம்பரங்களிலும் நடிகர்களுக்குப் பதிலாக அவரே தோன்றிப் பேசினார். பின்னர் டில்மா உலகின் பல நாடுகளுக்கும் சென்றது. 2023 ஜூலையில், தனது 93ஆவது வயதில் அவர் காலமானார்.

இந்தப் பயணத்திலிருந்து தொழில்முனைவோர் பெறக்கூடிய பாடங்கள் மூன்று. முதலாவது, தொழிலை அடிமட்டத்திலிருந்து கற்றல். சுவை அறியாதவரால் தரத்தை விற்க முடியாது. இரண்டாவது, இலாபம் எந்தக் கட்டத்தில் சேர்கிறது என்பதைக் கண்டறிதல். மூன்றாவது, காத்திருத்தல். லண்டனில் தோன்றிய எண்ணம் கடைத்தட்டை அடைய ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன.

அவர் எழுப்பிய கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை. இலங்கைத் தேயிலையில் கணிசமான பங்கு இன்றும் மொத்தமாகவே ஏற்றுமதியாகிறது. பெயரும் பொதியிடலும் நாட்டுக்குள் வந்தால் மட்டும் கொழுந்து பறிப்பவரின் கூடைக்குள் இலாபம் தானாக வந்துவிடாது. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக மலையகத் தொழிலாளர்கள் 2021 வரை பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. தேயிலையின் மதிப்பை நாட்டுக்குள் கொண்டுவரலாம் என்பதை மெரில் பெர்னாண்டோ காட்டிச் சென்றார். அந்த மதிப்பை லயன் அறை வரை கொண்டுசெல்வது, அடுத்த தலைமுறைத் தொழில் தலைவர்கள் முன்னுள்ள பணி.